ட்ரையல் இன்னும் ஒன்பது நாள்தான்: ஆன்டிவைரஸ் வாங்கலாமா, விண்டோஸில் இருப்பதே போதுமா?

கேள்வி:

மகள் இந்த ஆண்டு பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்காக விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கினோம். 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. கூடவே ஒரு ஆன்டிவைரஸ் வந்தது. "இன்னும் 9 நாள்தான், உடனே ரினியூ செய்யுங்கள்" என்று தினமும் கேட்கிறது. வாங்கிய கடையில் வேறொரு ஆன்டிவைரஸ் மூன்று வருடத்துக்கு 2,400 ரூபாய் என்கிறார்கள். விண்டோஸில் இருப்பது பேருக்குத்தான், அதை நம்பாதீர்கள் என்றும் சொன்னார்கள். எம்எஸ் ஆபீஸை அவர்களே போட்டுத் தந்துவிட்டார்கள். இரவில் என் கணவர் இதே லேப்டாப்பில் கடையின் டாலி கணக்கும் ஜிஎஸ்டி வேலையும் பார்க்கிறார். இப்போது நாலு நாளாகத் திரையின் ஓரத்தில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று வேறு வந்துகொண்டே இருக்கிறது. பணம் கட்டிவிடலாமா?
(ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்:

வணக்கம். 2,400 ரூபாயை இப்போது கொடுக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் உபயோகத்துக்கு விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் போதும். ஆனால் அது உங்கள் லேப்டாப்பில் இப்போது வேலை செய்யவில்லை. அதை எழுப்ப வேண்டும், சில சுவிட்சுகளைச் சரிபார்க்க வேண்டும். கடிதத்தில் ஆன்டிவைரஸைவிட எனக்குக் கவலை தந்தது வேறொரு வரி. "ஆபீஸை அவர்களே போட்டுத் தந்துவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். முதலில் ஒன்பது நாள் விஷயம்.

விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆன்டிவைரஸ்தான் முழுப் பொறுப்பில் இருக்கும். வெளியிலிருந்து ஒன்றை நிறுவியதும் அது விண்டோஸிடம் தன்னைப் பதிவு செய்துகொள்கிறது. உடனே டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். இரண்டும் ஒரே ஃபைலை ஒரே நொடியில் திறந்து பார்க்கப் போனால் ஒன்றை ஒன்று தடுக்கும், லேப்டாப் திணறும். அதனால்தான் இந்த ஏற்பாடு. "இரண்டு இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சிக்கல் வருவது ட்ரையல் முடியும் நாளில். சில ஆன்டிவைரஸ்கள் அன்றோடு அப்டேட் வாங்குவதை நிறுத்திவிட்டுப் பழைய வைரஸ் பட்டியலை வைத்தே ஓடும். சில, பாதுகாப்பையே நிறுத்திவிட்டுப் பணம் கேட்கும் அறிவிப்பை மட்டும் காட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸ் இதைக் கவனித்து டிஃபெண்டரை எழுப்பும் என்பது பொதுவான ஏற்பாடு. ஆனாலும் காலாவதியான நிரல் உள்ளேயே கிடக்கும்வரை பொறுப்பு யாருடையது என்பது தெளிவாக இருக்காது. ட்ரையல் முடிந்து ஆறு மாதம், ஒரு வருடம் என்று அப்படியே ஓடும் லேப்டாப்கள் வீடுகளில் நிறைய. காசு கொடுத்து வாங்கியது நல்லதா, விண்டோஸுடன் வந்தது நல்லதா என்று யோசிப்பதைவிட, காலாவதியான ஒன்றை வைத்திருக்காமல் இருப்பது முக்கியம்.

ஆகவே ஒன்பது நாளும் காத்திருக்க வேண்டாம். செட்டிங்ஸைத் திறந்து ஆப்ஸ், அதில் இன்ஸ்டால்டு ஆப்ஸ். பட்டியலில் அந்த ஆன்டிவைரஸின் பெயருக்கு எதிரே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு அன்இன்ஸ்டால் கொடுங்கள். ஒரே நிறுவனத்தின் பெயரில் இரண்டு மூன்று வரிகள் இருக்கலாம். ஒன்று ஆன்டிவைரஸ், இன்னொன்று வெப் பாதுகாப்பு, மற்றொன்று விபிஎன். எல்லாவற்றையும் எடுங்கள். நடுவில் "50 சதவீதத் தள்ளுபடி தருகிறோம், இருங்கள்" என்று ஒரு திரை வரும். அதில் பெரிய பட்டன் பெரும்பாலும் "வைத்துக்கொள்" என்பதாகவும், நீக்கும் பட்டன் சின்ன எழுத்திலும் இருக்கும். நிதானமாகப் படித்து அழுத்துங்கள். முடிந்ததும் ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸில் வேகத் தொடக்கம் என்ற வசதி இருப்பதால் ஷட் டவுன் செய்தால் சிஸ்டத்தின் ஒரு பகுதி அப்படியே உறங்கவைக்கப்படும். ரீஸ்டார்ட்டில்தான் பழைய டிரைவர்கள் முழுக்க வெளியேறும்.

சாதாரணமாக அன்இன்ஸ்டால் செய்தும் போகாமல் ஒட்டிக்கொண்டால், மெக்காஃபி, நார்ட்டன் போன்ற நிறுவனங்களே தங்கள் நிரலைத் துடைத்தெடுக்கத் தனிக் கருவி தருகின்றன. அதை அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். கூகுள் தேடலில் முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்கினால் ஒன்றை எடுக்கப்போய் இன்னொன்றைப் போட்டுக்கொள்வீர்கள்.

ரீஸ்டார்ட் ஆனதும் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி விண்டோஸ் செக்யூரிட்டி என்று தட்டுங்கள். நீலக் கேடயப் படம் உள்ள ஆப் வரும். இடப்பக்கம் கீழே செட்டிங்ஸ், அதில் மேனேஜ் புரொவைடர்ஸ். ஆன்டிவைரஸ் என்ற தலைப்பின் கீழ் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் என்று ஒரே பெயர், "ஆன்" என்று இருக்க வேண்டும். இன்னொரு பெயர் தெரிந்தால் அன்இன்ஸ்டால் முழுமையாகவில்லை என்று பொருள். அடுத்து வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன் பக்கத்துக்குப் போய், புரொடெக்ஷன் அப்டேட்ஸ் பகுதியில் செக் ஃபார் அப்டேட்ஸ் கொடுங்கள். இத்தனை நாள் ஒதுங்கியிருந்ததால் அதன் பட்டியல் பழசாக இருக்கலாம். பிறகு ஒரு குயிக் ஸ்கேன்.

அதே பக்கத்தில் மேனேஜ் செட்டிங்ஸ் என்று ஒன்று உண்டு. ரியல் டைம் புரொடெக்ஷன், கிளவுட் டெலிவர்டு புரொடெக்ஷன், ஆட்டோமேட்டிக் சாம்பிள் சப்மிஷன், டாம்பர் புரொடெக்ஷன் நான்கும் ஆனில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது, வேறொரு நிரல் திருட்டுத்தனமாக டிஃபெண்டரை அணைத்துவிடாமல் காப்பது. அடுத்ததாக ஆப் அண்ட் பிரௌசர் கன்ட்ரோலில் ரெப்யுடேஷன் பேஸ்டு புரொடெக்ஷன் செட்டிங்ஸைத் திறந்து, பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்கையும் ஆன் செய்யுங்கள். இலவச பிடிஎஃப் கருவியோடு சேர்ந்து வரும் டூல்பார், "பிசி கிளீனர்" வகையறாவை இதுதான் தடுக்கும்.

எல்லாம் உண்மையில் விழித்திருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பு ஆன்டிவைரஸ் சோதனைக்கென்றே 68 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு ஃபைலை வைத்திருக்கிறது. அதில் வைரஸ் எதுவும் கிடையாது. எல்லா ஆன்டிவைரஸும் அதைக் கண்டால் கத்த வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஏற்பாடு. ஐகார் தளத்திலிருந்து அதை இறக்கிப் பாருங்கள். பிரௌசரே தடுக்கும், அல்லது சில நொடிகளில் "த்ரெட்ஸ் ஃபவுண்ட்" என்று வலப்பக்கக் கீழ் மூலையில் அறிவிப்பு வந்து ஃபைல் மறைந்துவிடும். எதுவுமே நடக்காமல் ஃபைல் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தால் உங்கள் லேப்டாப்பைக் காக்க யாரும் இல்லை.

இனி "5 வைரஸ்" அறிவிப்பு. அது வந்ததும் சொடுக்காமல் உற்றுப் பாருங்கள். தலைப்புக்குப் பக்கத்திலோ கீழேயோ சின்ன எழுத்தில் கூகுள் குரோம் என்றோ மைக்ரோசாஃப்ட் எட்ஜ் என்றோ போட்டு, கூடவே நீங்கள் கேள்விப்படாத ஓர் இணைய முகவரியும் இருக்கும். உண்மையான டிஃபெண்டர் அறிவிப்பில் விண்டோஸ் செக்யூரிட்டி என்ற பெயர் இருக்கும், இணைய முகவரி இருக்காது. பிரபல ஆன்டிவைரஸின் சின்னத்தையே போட்டு "உங்கள் சந்தா முடிந்தது" என்று வருவதும் இதே வகைதான். யாரோ ஒருவர் படம் பார்க்கவோ பாட்டு இறக்கவோ ஒரு தளத்துக்குப் போயிருப்பார். "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அலவ் அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும். அந்த அலவ் என்பது அறிவிப்பு அனுப்பக் கொடுத்த அனுமதி. மகளைத் திட்ட வேண்டாம், அந்தத் தந்திரத்தில் விவரமானவர்களும் மாட்டுகிறார்கள்.

குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் தெரியாத முகவரி ஒவ்வொன்றையும் ரிமூவ் செய்யுங்கள். மேலே உள்ள தேர்வில் தளங்கள் இனி அறிவிப்பு அனுமதி கேட்கவே கூடாது என்பதையும் தேர்ந்தெடுத்துவிடுங்கள். எட்ஜிலும் இதேபோல் பாருங்கள். இதற்கு எந்த ஆன்டிவைரஸும் தேவையில்லை, இரண்டு நிமிட வேலை. அந்த அறிவிப்பைச் சொடுக்கி யாராவது பணம் கட்டியிருந்தாலோ, அதில் வந்த போன் எண்ணை அழைத்து அவர்கள் சொன்ன எனிடெஸ்க் போன்ற ரிமோட் ஆப்பைப் போட்டிருந்தாலோ விஷயம் வேறு. இணையத்தைத் துண்டியுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் போன் எண் இருக்காது.

இப்போது ஆபீஸ். புது லேப்டாப் பலவற்றில் ஆபீஸ் விலையோடு சேர்ந்தே வரும். அப்படியானால் பில்லிலோ அட்டைப்பெட்டியிலோ அந்த விவரம் இருக்கும், அதை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் கடைக்காரர் பென் டிரைவிலிருந்து "போட்டுத் தந்தார்" என்றால் சந்தேகப்பட வேண்டும். வேர்டைத் திறந்து ஃபைல், அக்கவுன்ட் பாருங்கள். புரொஃபஷனல் பிளஸ் என்று இருந்தால், அது பெரும்பாலும் நிறுவனங்களுக்கு மொத்த உரிமமாக விற்கும் பதிப்பு. வீட்டு லேப்டாப்பில் அது எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். விண்டோஸுக்கும் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருந்தால் சரி. "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால் சரியில்லை. உங்கள் வீட்டுக்கு அப்படியொரு நிறுவன சேவை கிடையாது.

இது உரிமப் பிரச்சினையோடு நிற்பதில்லை. உரிமம் வாங்காமலே ஆபீஸையும் விண்டோஸையும் இயங்கவைக்கும் திருட்டு ஆக்டிவேட்டர்கள் பெரும்பாலும் கேஎம்எஸ் என்ற முறையை ஏமாற்றுகின்றன. பெரிய நிறுவனங்களில் நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு ஒரு சர்வரே உரிமம் உறுதிசெய்யும், அந்த உறுதி 180 நாள் செல்லும். ஆக்டிவேட்டர் உங்கள் லேப்டாப்பிலேயே ஒரு பொய் சர்வரை நடிக்க வைக்கிறது. 180 நாள் கெடு இருப்பதால் ஒருமுறை ஓடிவிட்டுப் போக முடியாது. திரும்பத் திரும்ப ஓட வேண்டும், அதற்காக அட்மின் அதிகாரத்தோடு உள்ளேயே தங்குகிறது. டிஃபெண்டர் இதைப் பார்த்தால் ஹேக்டூல் என்று பெயரிட்டு அழித்துவிடும். அழியாமல் இருக்க, நிறுவுகிறவர் டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலில் ஒரு ஃபோல்டரைச் சேர்த்துவிடுகிறார். "இந்த இடத்தை நீ பார்க்காதே" என்று காவலாளியிடம் சொல்வது அது. அவசரக்காரர்கள் சி டிரைவ் முழுவதையுமே சேர்த்துவிடுவதும் உண்டு. அதன்பின் டிஃபெண்டர் பச்சை டிக் காட்டிக்கொண்டே இருக்கும், எதையும் பார்க்காது. "விண்டோஸ் ஆன்டிவைரஸ் பேருக்குத்தான்" என்ற வார்த்தை இப்படி ஆக்கப்பட்ட லேப்டாப்புக்கு மிகச் சரி.

ஆகவே இதை இன்றே பாருங்கள். வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கடைசிவரை கீழே இறங்கினால் எக்ஸ்க்ளூஷன்ஸ். ஆட் ஆர் ரிமூவ் எக்ஸ்க்ளூஷன்ஸை அழுத்துங்கள். புது வீட்டு லேப்டாப்பில் அந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். ஏதாவது இருந்தால் முதலில் போனில் படம் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ரிமூவ் செய்யுங்கள். பிறகு ஸ்கேன் ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக ஏறுவதற்கு முன்பே கால் மணி நேரம்போல் தேடும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் நிரல்கள் அப்போது ஒளிய முடியாது. முடிவை புரொடெக்ஷன் ஹிஸ்டரியில் பார்க்கலாம்.

அங்கே ஆக்டிவேட்டர் மட்டும் பிடிபட்டால்கூட என் ஆலோசனை லேப்டாப்பை முழுதாக ரீசெட் செய்வது. வாங்கிச் சில வாரம்தான் ஆகியிருக்கும், இழப்பதற்கு அதிகம் இல்லை. அந்த பென் டிரைவிலிருந்து கூடவே என்ன ஏறியது என்று எந்த ஸ்கேனும் உத்தரவாதம் தராது. அந்த லேப்டாப்பில் ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் வங்கிக் கணக்கும் தட்டப்படுகின்றன. செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி, ரீசெட் திஸ் பிசி, ரிமூவ் எவ்ரிதிங், கிளவுட் டவுன்லோட். 4 ஜிபிக்கு மேல் டேட்டா ஆகும், வைஃபையில் செய்யுங்கள். லேப்டாப்புடன் வந்த உண்மையான விண்டோஸ் உரிமம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், தானாகத் திரும்பிவிடும். உற்பத்தியாளர் ஏற்றித் தந்த ட்ரையல் திரும்ப வந்தால் முன்புபோலவே நீக்கிவிடுங்கள்.

ரீசெட்டுக்கு முன் சிலவற்றை மறக்க வேண்டாம். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் வெளி டிஸ்கில் எடுங்கள், செட்டப் ஃபைல்களை எடுக்க வேண்டாம். டாலி டேட்டா ஃபோல்டரை பேக்கப் எடுங்கள். டாலி உரிமத்தை டாலிக்குள்ளேயே சரண்டர் செய்யுங்கள், இல்லாவிட்டால் மறுபடி ஆக்டிவேட் செய்யும்போது தடுமாற வேண்டியிருக்கும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இருந்தால் அதன் டிரைவர் எந்தத் தளத்தில் கிடைக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். டிரைவ் பூட்டப்பட்டிருந்தால் விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க ரிகவரி கீ மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். எல்லாம் முடிந்தபின் மெயில், வங்கி, ஜிஎஸ்டி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பழைய லேப்டாப் நிலையில் மாற்றினால் பயனில்லை.

ஆபீஸுக்கு என்ன செய்வது? மகளின் கல்லூரி மெயில் முகவரியைக் கொண்டு மைக்ரோசாஃப்ட் 365 கல்விப் பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறதா என்று முதலில் கல்லூரியில் கேளுங்கள். இல்லாவிட்டால் லிப்ரெ ஆபீஸ் இலவசம், அசைன்மெண்ட் எழுதத் தாராளமாகப் போதும். ஆட்டோகேட் வேண்டியிருந்தால் ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு இலவசமாகவே தருகிறது, ஒவ்வோர் ஆண்டும் மாணவர் என்று உறுதிசெய்தால் நீடிக்கும். இதை மகளிடம் அவசியம் சொல்லுங்கள். பொறியியல் விடுதிகளில் கிராக் சாஃப்ட்வேர் பென் டிரைவில் கைமாறும், யூடியூப் வீடியோவின் கீழே லிங்க்காகவும் கிடக்கும். அந்த ஜிப் ஃபைலுக்கு 1234 என்பதுபோல் ஒரு பாஸ்வேர்டு இருக்கும். அது உங்களுக்காக வைத்ததல்ல. பாஸ்வேர்டு போட்ட ஜிப்பின் உள்ளே ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது என்பதற்காக வைத்தது. கூடவே "நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைக்கவும்" என்று ஒரு குறிப்பும் இருக்கும். அதை மகளே தன் கையால் அணைத்துவிட்டால் 2,400 ரூபாய் ஆன்டிவைரஸும் ஒன்றும் செய்ய முடியாது.

இப்படி வருபவற்றில் இன்று அதிகம் பரவுவது பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் வகை. லூம்மா என்பது அதில் ஒன்று. 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை இரண்டே மாதத்தில் உலகம் முழுக்க 3,94,000க்கு மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அது இருந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. இவை லாகின் செய்த நிலையைப் பிரௌசர் நினைவில் வைக்கும் குக்கீ என்ற சிறு ஃபைலையும் சேர்த்து எடுத்துப்போவதால் ஓடிபிகூடக் கேட்காமல் மெயிலுக்குள் நுழைந்துவிடுவார்கள்.

கடைக்காரர் "பேருக்குத்தான்" என்றதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. விண்டோஸ் விஸ்டா காலத்து டிஃபெண்டர் உளவு நிரல்களை மட்டுமே பார்த்தது. 2009இல் மைக்ரோசாஃப்ட் தந்த ஆன்டிவைரஸான செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகத்தில் 2012இல் சான்றிதழையே இழந்தது. அந்த ஆண்டு வந்த விண்டோஸ் 8இல்தான் டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸ் ஆனது. அன்று கடைகளில் சொன்னது அன்றைக்குச் சரி. இன்று அதே ஆய்வகம் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்று ஆறு ஆறாக 18 மதிப்பெண் போடும் சோதனையில் டிஃபெண்டர் பல ஆண்டுகளாக முழு மதிப்பெண்ணோ அதை ஒட்டியோதான் வாங்கி வருகிறது. உங்கள் 16 ஜிபி லேப்டாப்பில் வேகக் குறைவு தெரியாது.

அதற்கும் பலவீனம் இருக்கிறது. புதிய ஃபைலைக் கண்டால் மைக்ரோசாஃப்ட் சர்வரிடம் கேட்டு முடிவெடுப்பதுதான் அதன் பெரிய பலம். இணையம் இல்லாதபோது கண்டுபிடிக்கும் திறன் குறைகிறது, இதை ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் சோதனைகளில் காணலாம். ஜெராக்ஸ் கடை, டிடிபி சென்டர் கணினிபோல நெட் இல்லாமல் நாளெல்லாம் ஊரார் பென் டிரைவ் ஏறி இறங்கும் இடமென்றால் நான் காசு கொடுத்து வாங்கும்படியே சொல்வேன். இன்னொன்று, எட்ஜில் போலித் தளங்களைத் தடுக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீன் குரோமில் வேலை செய்யாது. குரோமுக்குக் கூகுளின் சேஃப் பிரௌசிங் உண்டு, செட்டிங்ஸில் அதை என்ஹான்ஸ்டு நிலைக்கு மாற்றுங்கள்.

உங்கள் வீட்டில் பயப்பட வேண்டியது டாலி டேட்டாவுக்கு. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் ஒரு வருடக் கணக்கும் போய்விடும். இதற்கு டிஃபெண்டரில் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்ற வசதி இருக்கிறது, ஆனால் அணைத்த நிலையிலேயே வரும். வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷனின் கீழே ரான்சம்வேர் புரொடெக்ஷனில் அதை ஆன் செய்யுங்கள். டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவை தானாகச் சேரும். டாலிபிரைம் தன் டேட்டாவை வழக்கமாக பப்ளிக் ஃபோல்டருக்குள் தன் பெயரில் வைக்கும். அது தானாகச் சேராது. புரொடெக்டட் ஃபோல்டர்ஸில் ஆட் செய்து அந்த டேட்டா ஃபோல்டரைக் காட்டுங்கள்.

உடனே டாலியைத் திறந்து ஒரு வவுச்சர் போட்டுப் பாருங்கள். சேமிக்க முடியாமல் பிழை வந்தால் டாலி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், புதுக் காவல் அதையும் வெளியாள் என்று நினைக்கிறது. அலவ் அன் ஆப் என்பதில் ரீசன்ட்லி பிளாக்டு ஆப்ஸைத் திறந்தால் டாலியின் பெயர் இருக்கும். பிளஸ் குறியை அழுத்தினால் முடிந்தது. இந்த வசதி டிஃபெண்டர் பொறுப்பில் இருந்தால்தான் இயங்கும், வேறு ஆன்டிவைரஸ் போட்டால் இது அணைந்துவிடும். கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். இதோடு வாரம் ஒருமுறை டாலி பேக்கப்பை வெளி டிஸ்கில் எடுத்து, எடுத்ததும் கேபிளைக் கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள். செருகியே இருக்கும் டிஸ்கையும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டும்.

விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே 12 அன்று உலகை உலுக்கிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே ஒட்டுப் போட்டிருந்தது. அந்த இரண்டு மாதத்தில் அப்டேட் செய்தவர்கள் தப்பினார்கள்.

பின்னாளில் ஏதாவது காரணத்தால் காசு கொடுத்து வாங்குவதென்றால் ஒரு வருடத்துக்கு மேல் வாங்க வேண்டாம். சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் இரண்டும் முப்பது ஆண்டு அனுபவம் உள்ள இந்திய நிறுவனங்கள். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் பாட் எனப்படும் தீய நிரல்களை நீக்கும் இவற்றின் இலவசக் கருவிகளே வைக்கப்பட்டிருக்கின்றன. சந்தேகம் வந்தால் இரண்டாம் கருத்துக்கு அதை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். இலவச ஆன்டிவைரஸ் பக்கம் போவதில் எனக்கு உடன்பாடில்லை. பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தைத் துணை நிறுவனம் வழியே விற்றதற்காக அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024இல் சொன்னது. அந்தத் துணை நிறுவனம் 2020லேயே மூடப்பட்டுவிட்டது. ஆனால் உங்கள் கணினியின் மூலை முடுக்கெல்லாம் பார்க்கும் அனுமதியை யாருக்குக் கொடுக்கிறோம் என்று யோசிக்க அது போதுமான காரணம்.

அனுமதி எவ்வளவு ஆழமானது என்பதற்கு இன்னொரு உதாரணம் 2024 ஜூலை 19. கிரௌட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனங்களுக்கான பாதுகாப்பு நிரலில் ஒரே ஒரு தவறான அப்டேட் போய், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றன. இங்கே விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸ் எஞ்சினிலும் 2017 மே மாதம் பெரிய ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, சில நாளிலேயே சரிசெய்யப்பட்டது. யாரும் விதிவிலக்கில்லை. அதனால்தான் அவ்வளவு ஆழத்தில் ஓடும் நிரல் ஒன்று போதும் என்கிறேன்.

ட்ரையலைத் தொடங்கும்போது கார்டு எண் கொடுத்தீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள். கொடுத்திருந்தால் நிரலை நீக்கினாலும் சந்தா நிற்காது. ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய் வரையான தொடர் பிடித்தத்துக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை, 24 மணி நேரம் முன்பு ஒரு அறிவிப்பு மட்டும் வரும். அந்த நிறுவனத்தின் தளத்தில் லாகின் செய்து ஆட்டோ ரினியூவலை அணையுங்கள். வங்கி ஆப்பில் கார்டு மேண்டேட் பகுதியிலும் ரத்து செய்யுங்கள்.

எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலில் என்ன இருந்தது, ஆக்டிவேஷன் பக்கத்தில் என்ன வரி வந்தது என்ற இரண்டையும் படமெடுத்து அனுப்புங்கள். ரீசெட் அவசியமா, வேண்டாமா என்பதை அதைப் பார்த்து உறுதியாகச் சொல்கிறேன். அதுவரை அந்த லேப்டாப்பில் வங்கி வேலையும் ஜிஎஸ்டி லாகினும் வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள்.